எட்டு இடத்தில் மாற வேண்டிய நாற்பது

"பத்தொன்பது இடங்களில் மாற்றப்பட்டது" என்று திரை சொன்னது. நான் படித்தேன். எட்டு என்றுதானே வந்திருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. இந்த அனுபவத்தில் என் தவறு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளைவு.

புரோகிராம் எழுதும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதல் வாரத்திலேயே ஒரு விதியைக் கேட்டிருப்பீர்கள்: புரோகிராமுக்குள் எண்ணை நேராக எழுதாதே, அதற்கு ஒரு பெயர் வைத்து வெளியே தனிக் கோப்பில் வை. விதியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காரணத்தைச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் காரணம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கோபத்தோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தது.

எண்பதுகளின் கடைசி. தர்மபுரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி. வழித்தடங்கள் பதினொன்று. அவற்றில் நான்கு தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் பக்கம் போகும். மீதி ஏழும் அரூர், பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று உள்ளூர்த் தடங்கள். முதலாளி பெங்களூர் போய் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி வந்து, ஷெட்டை ஒட்டியிருந்த அறையில் வைத்தார். அதை இயக்க என்னை வைத்தார். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'கம்ப்யூட்டரம்மா'.

என் வேலை தினமும் மாலை மறுநாளைய டியூட்டி சார்ட்டை அச்சிடுவது. எங்கள் கம்பெனியில் ஒரு டிரைவருக்கு ஒரே வண்டி என்ற வழக்கம் இல்லை. ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய டிரைவர், சாப்பிட்டுவிட்டு, அடுத்து கிளம்பும் இன்னொரு வண்டியை எடுப்பார். பஸ்கள் கிளம்பும் நேரம் பெர்மிட்டில் உள்ளது, மாறாது. எந்த வண்டியை யார் எடுப்பது என்பதைத்தான் என் புரோகிராம் முடிவு செய்யும். போய் வர எவ்வளவு நேரம் ஆகும், வந்தபின் எவ்வளவு நேரம் ஓய்வு என்று கூட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு கிளம்பும் முதல் வண்டியை அவருக்குக் கொடுக்கும்.

அப்போது தொப்பூரில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று கணவாயைக் கடக்க நாற்பது நிமிடம் ஆனது. ஆகவே நான்கு தடங்களிலும், போக ஒன்று வர ஒன்று என்று எட்டு இடங்களில் 40 என்று எழுதினேன். டிரைவருக்கு ஓய்வும் நாற்பது நிமிடம்தான். பதினொரு தடங்களிலும் தடத்துக்கு ஒன்றாக, அதையும் 40 என்றே எழுதினேன். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே 40. எது சாலை, எது சாப்பாடு என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

சாலை வேலை முடிந்ததும் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப கணவாய்ல இருபத்தஞ்சு நிமிஷந்தாம்மா ஆவுது. மிஷின்ல மாத்திடு."

புரோகிராமை எழுதித் திருத்தும் எடிட்டரில் ஒரு கட்டளை உண்டு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கொடுத்தால் கோப்பு முழுக்க மாற்றித் தரும். கொடுத்தேன். மூன்று விநாடியில் முடிந்தது. திரை தன் கணக்கைச் சொன்னது. பெருமையோடு விசையைத் தட்டி சார்ட்டை அச்சுக்கு அனுப்பினேன்.

மறுநாள் விடிகாலையில் டைம் கீப்பர் பாஷா சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் வந்து நின்றார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இந்த சார்ட்டை அவர்தான் காலண்டர் அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதுவார். என்னிடம் அவர் நேராகப் பேசியதைவிடக் குத்திப் பேசியதுதான் அதிகம்.

"ரெண்டு டிரைவருக்கு இன்னிக்கு வேலையே இல்லைங்குது உங்க மிஷினு. தப்பா, சாமர்த்தியமா?"

"சாமர்த்தியந்தான் பாய். தொப்பூர்ல நேரம் மிச்சமாவுது இல்லையா? கம்மி ஆளை வெச்சே ஓட்டலாம்."

"நல்லது. என்னிக்காச்சும் டைம் கீப்பரும் வேணாம்னு சொல்லும். அன்னிக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிடுங்க."

இங்கே ஒன்று கவனியுங்கள். எதிர்பாராத ஒரு விளைவு வந்தது. அதற்கு ஒரு விளக்கம் என் வாயில் தயாராக இருந்தது. சரிபார்க்காமலே சொல்லிவிட்டேன். பின்னாளில் நான் பார்த்த பெரிய கோளாறுகள் பலவற்றுக்கு முன்பும் இப்படி ஒரு நல்ல விளக்கம் யாரோ ஒருவரிடம் தயாராக இருந்திருக்கிறது.

முதலாளிக்கு மகிழ்ச்சி. கம்ப்யூட்டர் வாங்கியது வீண் போகவில்லை என்று ஷெட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். டிரைவர்கள் எதுவும் சொல்லவில்லை. சார்ட்டில் 'ஓய்வு' என்று ஒரு சொல்லே கிடையாது. வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம், இரண்டும்தான் இருக்கும். கழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் அது மேலிடத்து முடிவு என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளிதான் ஓய்வைக் குறைத்துவிட்டார், பழியை மிஷின் மேல் போடுகிறார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் காதுக்கு அது வரவில்லை. ஆறு நாள் இப்படி ஓடியது.

ஏழாம் நாள் பகல் அந்தோணி சேலத்திலிருந்து வந்தார். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், எட்டு வருடமாக எங்கள் கம்பெனியில் ஓட்டியவர். சார்ட்டின்படி அவர் பன்னிரண்டு ஐம்பதுக்கு வர வேண்டும், ஒன்று பதினைந்துக்கு அரூர் வண்டியை எடுக்க வேண்டும். தொப்பூரில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் வந்து சேர்ந்தது ஒன்று மூன்றுக்கு. பன்னிரண்டு நிமிடம் இருந்தது. விடிகாலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தவர், இரண்டு டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய நாட்களும் அப்படியே.

அரூர் வண்டியின் சாவியைப் பாஷா நீட்டினார். அந்தோணி வாங்கி, பார்த்துவிட்டு, மேஜையின் மேல் திரும்ப வைத்தார்.

"எடுக்க மாட்டேன் பாய்."

"ஜனம் ஏறி உக்காந்திருக்குதுய்யா."

"அவங்க உயிரோட போய்ச் சேரணுமில்ல? கண்ணு இருட்டுது. சாப்ட்டுட்டு வரேன். வேற யாருனா இருந்தா அனுப்புங்க."

வேறு யாரும் இல்லை. இரண்டு மாற்று டிரைவர்களையும் என் சார்ட் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்தோணி பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து இருபது நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்தார். அதற்குள் பாதி ஜனம் இறங்கி, பின்னால் வந்த வேறு கம்பெனி வண்டியில் ஏறிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் வண்டி எடுக்க மறுத்தால் அதற்கு ஒரே பொருள்தான். குடித்திருக்கிறார். அந்தோணி பண்டிகை நாட்களில் குடிப்பவர் என்பது ஊரறிந்தது, ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. அவர் அரூர் போய்த் திரும்புவதற்குள் செய்தி பாப்பாரப்பட்டி போய்விட்டது. அவர் மனைவி அன்றிரவு அவரிடம் பேசவில்லை. மறுநாள் காலை மச்சான் வந்து வாசலில் நின்று, "பகல்லயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலாளியின் உத்தரவு இது: மறுநாள் நான்கு மணிக்குள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இனி ஷெட்டுக்கு வர வேண்டாம். அந்தோணி எழுத மாட்டேன் என்றார். எழுதினால் குடித்ததை ஒப்புக்கொண்டதாகும், எட்டு வருட வேலை போனாலும் அந்தப் பெயர் வேண்டாம் என்பது அவர் வாதம்.

மறுநாள் இரண்டரை மணிக்கு அவர் என் அறைக்கு வந்தார். பின்னாலேயே பாஷாவும் வந்தார்.

"மேடம், உங்க மிஷினுக்குப் பசின்னா என்னான்னு தெரியுமா?"

"என்ன ஆச்சு அந்தோணி?"

"ஒண்ணும் ஆவல. சும்மா கேட்டேன். முதலாளி சொன்னதத்தான் அது செய்யும்னு தெரியும். ஆனா எழுதறது நீங்கதானே? இருபத்தஞ்சு நிமிஷத்துல கை கழுவி, சாப்ட்டு, ஒண்ணுக்குப் போயி, வண்டிக்கு வரணும். நீங்க ஒரு தபா செஞ்சு காட்டுங்க."

"இருபத்தஞ்சா? ஓய்வு நாற்பது நிமிஷமாச்சே. தொப்பூர் நேரம்தான் குறைஞ்சது."

அந்தோணி பாஷாவைப் பார்த்தார். பாஷா அன்றைய சார்ட்டை என் முன்னால் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"பாப்பாரப்பட்டி வண்டி. இதுலயும் இருபத்தஞ்சுதான் இருக்குது. பாப்பாரப்பட்டிக்குப் போற வழில எந்தக் கணவாய் வருதுங்க?"

கோப்பைத் திறந்து 25 என்று இருந்த இடங்களை மேலிருந்து கீழாக எண்ணினேன். பத்தொன்பது. அதில் எட்டுதான் சாலை. பதினொன்று சாப்பாடு.

அடுத்த பத்து நிமிடங்களைப் பற்றி உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. நாளைய சார்ட் சரியாக வரும். மாற்று டிரைவர்கள் இருவரும் திரும்புவார்கள். முதலாளி கேட்டால் ஆடிப்பெருக்குக் கூட்டம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் ஆடி பதினெட்டு, ஒகேனக்கல்லுக்குச் சிறப்பு வண்டிகள் விட வேண்டிய நாள் என்பதால் அந்தப் பதிலை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாது. அந்தோணியின் விஷயம் மட்டும் அப்படியே நிற்கும். சார்ட் சரி, டிரைவர் தவறு என்று.

நேர்மை மட்டும் என்னைத் தடுத்ததாகச் சொல்ல மாட்டேன். அந்தோணி எதிரில் உட்கார்ந்திருந்தார். பாஷா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏற்கனவே புரிந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"தப்பு என்னுதுதான்," என்றேன். "முதலாளிக்கே தெரியாது. வாங்க, போய்ச் சொல்லலாம்."

"முதல்ல நாளைக்குச் சார்ட்டு," என்றார் பாஷா. "ஒகேனக்கல் மலை எறக்கத்துல பசியோட ஒருத்தன இறக்கி விடாதீங்க. திட்டு அப்புறம் வாங்கிக்கலாம்."

சரியான வரிசை அதுதான். அந்த நேரத்தில் இன்னொரு முடிவும் எடுத்தேன். எண்களையெல்லாம் பிடுங்கி வெளியே வைத்துப் புரோகிராமையே மாற்றி எழுதிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. செய்யவில்லை. திருவிழாவுக்கு முந்தைய நாள் பிற்பகலில், அவமானத்தில் இருக்கும் ஒருவர் செய்யக்கூடாத வேலை அது. பதினொரு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். நான் தடத்தின் பெயரைச் சொல்ல, பாஷா விரல் விட்டு எண்ணினார். பதினொன்று என்று அவர் சொன்ன பிறகே சேமித்தேன். சார்ட் அச்சாகி வந்ததும் பதினொரு தடங்களிலும் கழித்துப் பார்த்தோம். எதிலும் நாற்பதுக்குக் குறையவில்லை. மாற்று டிரைவர்கள் இருவரின் பெயர்களும் திரும்ப வந்திருந்தன.

நான்கு மணிக்கு மூன்று பேரும் முதலாளி முன்னால் நின்றோம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சார்ட்டை.

"அப்ப அந்த ரெண்டு டிரைவர் மிச்சமானது?"

"சாப்பாட்டு நேரத்தை வெட்டி வந்தது சார்."

"படிச்ச பொண்ணு பாத்து செய்வேன்னு நெனச்சேன்." இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். தகுந்தவைதான். பிறகு திடீரென்று நிறுத்தி அந்தோணி பக்கம் திரும்பினார். "ஏய்யா, ரெஸ்ட்ட கொறச்சது நான்னா நெனச்சீங்க?"

அந்தோணி தரையைப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா. எட்டு நாளா எல்லாரும் என்னையவா திட்டிட்டு இருந்தீங்க?"

"எட்டு நாளா மட்டும் இல்லீங்க," என்றார் பாஷா.

முதலாளி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. மன்னிப்புக் கடிதம் வேண்டாம் என்றார். "குடிச்சானா இல்லையாங்கிறது எனக்கு வேணாம். பசில சொன்னான், விடு. நாளைக்கு ஒகேனக்கல் ஸ்பெஷல் ஒண்ணு நீ எடு."

அப்போது நான் ஒன்று கேட்டேன். கம்ப்யூட்டர் படிக்கப் போவதற்கு முன் இரண்டு வருடம் சேலத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்துநராக இருந்தவள் நான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் 'திருத்தம்' என்று போடுவார்கள். டைம் ஆபீஸ் சுவரில் அப்படி ஒன்று ஒட்டட்டுமா என்று கேட்டேன். நம்ம ஷெட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டணுமா என்று தயங்கினார். பிறகு, ஓய்வைக் குறைத்தது அவர் இல்லை என்பதும் அதில் வரும் என்று புரிந்ததும், "பெரிசா அடி," என்றார்.

கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. ஆபீஸ் தமிழ்த் தட்டச்சில் அடித்தேன். சார்ட்டில் ஓய்வு நேரம் எட்டு நாட்களுக்குத் தவறாக இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது, சரியான நேரம் நாற்பது நிமிடம், தவறு கம்ப்யூட்டர் பிரிவினுடையது, நிர்வாகம் இதை உத்தரவிடவில்லை. கம்ப்யூட்டர் பிரிவு என்பது நான் ஒருத்திதான். கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில்தான் புரோகிராமைத் திருத்தி எழுதினேன். எண்களை எல்லாம் ஒரு சிறு கோப்பில் வெளியே கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். கணவாய் நேரம் ஒன்று. ஓய்வு நேரம் ஒன்று. முன்பு பத்தொன்பது இடத்தில் இருந்தவை இப்போது இரண்டே வரிகள். இதுவரை உங்கள் பாடப் புத்தகத்திலும் இருக்கும்.

இதற்கு மேல் உள்ளது பாஷாவோடு சண்டை போட்டு வந்தது. கோப்பைக் காட்டி, இனி இதை யார் வேண்டுமானாலும் சுலபமாக மாற்றலாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"கணவாய் நேரம் நாளைக்கே மாறும், மழை பேஞ்சா மாறும். அதத் தொறந்து வைங்க, நானே மாத்திக்கிறேன். சாப்பாட்டு நேரத்த எதுக்குங்க தொறந்து வெக்கிறீங்க? முன்னாடி தெரியாம கொறச்சீங்க. இனிமே தெரிஞ்சே கொறைப்பாங்க."

நியாயம் என்று பட்டது. ஓய்வு நேரத்துக்குப் பெயரும் வரியும் இருக்கட்டும், ஆனால் அது நாற்பதுக்குக் கீழே போனால் புரோகிராம் சார்ட்டை அச்சிடாமல் நின்றுவிட வேண்டும் என்று எழுதினேன். சார்ட்டின் தலைப்பிலேயே அன்றைய கணவாய் நேரமும் ஓய்வு நேரமும் அச்சாகும்படியும் செய்தேன். எண் தவறினால் யார் பட்டினி கிடப்பாரோ, அவர் கண்ணில் அந்த எண் படவேண்டும். மாறக்கூடியதை வெளியே எடுத்து வைப்பது பாதி வேலை. எது மாறலாம், எதுவரை மாறலாம், யார் மாற்றலாம் என்று அந்த வேலையில் இருப்பவர்களிடம் கேட்பது மீதி. அந்த மீதியை நான் ஒரு டைம் கீப்பரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

அந்த வேலை முடிந்த நாள் மாலை அந்தோணி வந்தார். டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், சுவத்துல ஒட்டுனீங்களே, அதுல ஒரு காப்பி வேணுங்க. வூட்ல காட்டணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

கார்பன் காப்பி ஒன்று இருந்தது. கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தார். போகவில்லை.

"இதுல நான் குடிக்கலைன்னு எங்கியும் இல்லீங்களே."

"இது சார்ட் பத்தின திருத்தம் அந்தோணி."

"சார்ட்டப் பத்தி அவளுக்கென்னாங்க? மச்சானுக்கென்னா? அந்தோணி அன்னிக்குக் குடிக்கலன்னு ஒரு வரி, கடசில சேத்துடுங்க."

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சொல்வது உண்மை என்று நம்பினேன். ஆனால் நான் அன்று அவரைப் பார்க்கவே இல்லை. பார்க்காததை என் கையெழுத்துக்கு மேலே எப்படி அடிப்பது? பாஷாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நல்லாத் தெரியும்ங்க," என்றார் பாஷா. "காலைல சாவி குடுக்கும்போது ஒவ்வொருத்தனையும் கிட்ட நின்னு 'என்னா, தூங்குனியா?'ன்னு கேப்பேன். பாசத்துலயா கேக்கறேன்? வாயத் தொறந்தா தெரிஞ்சிடும். அன்னிக்கு ரெண்டு தபா கிட்ட நின்னேன். பசி வாசனதான் வந்துச்சு."

"அடப்பாவி," என்றார் அந்தோணி. "எட்டு வருசமா அதுக்கா கேட்டே?"

நான் காகிதத்தை மறுபடி தட்டச்சு மிஷினில் ஏற்றி, கடைசியில் ஒரு வரி அடித்தேன்: "மேற்படி ஏழாம் நாள் காலை ஐந்தரை மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் ஓட்டுநர் அந்தோணி மது அருந்தியிருக்கவில்லை என்று, இரண்டு முறையும் அருகில் நின்று பேசிய டைம் கீப்பர் பாஷா தெரிவித்தார்."

அந்தோணி வாங்கிப் படித்தார். "நீங்க சொல்ற மாதிரி இல்லையே. பாய் சொன்ன மாதிரியில்ல இருக்குது."

"நான் பார்க்கலையே. பார்த்தவர் சொன்னாத்தான் உங்க மச்சான் நம்புவார்."

யோசித்தார். ஒத்துக்கொண்டார். "அப்ப பாய் கையெழுத்தும் போடட்டும்."

பாஷா போட்டார். கையெழுத்துக்குப் பக்கத்தில், எந்தக் காகிதத்திலும் எழுதும் பழக்கத்தில், நேரத்தையும் குறித்தார்: 4.10. பாப்பாரப்பட்டி வண்டி 4.15. வெளியே ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

"மடிச்சுச் சட்டைப்பையில வைங்க, கசங்கிடும்," என்றேன்.

"வேணாங்க," என்று அதை விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு அந்தோணி ஓடினார். "பஸ்ல நாலு பேரு படிக்கட்டும்."